ஓய்வுத் தொட்டி

என் இடது கையில் இரண்டு விரல்கள்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும். நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் பிறக்கும்போதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை அந்தப் பக்கம் ஓட்டுவார்கள். நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே நன்றாகப் பார்த்துவிடுங்கள். பார்த்தாயிற்றா? இனி என் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாமா, அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணன். தெருவில் அவருக்குத் தவளை மாமா என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த கடைக்காரர்கூட "என்ன தவளை மாமா, வேலைக்கா?" என்பார், இவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முப்பத்தைந்து வருடம் தவளைகளோடு வேலை பார்த்தவர். முதல் பாதி பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில், மறுபாதி ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். கைக்குச் சோப்புப் போடவே மாட்டார். சோப்பு ஒட்டியிருந்தால் தவளையின் தோல் தாங்காதாம். வெறும் தண்ணீரில் பத்துத் தடவை கழுவுவார், ஆனாலும் அந்தக் குளத்து வாடை போகாது. "தவளைக்காக சோப்ப விட்ட ஒரே ஆம்பளை உலகத்துலயே நீதாண்ணா" என்று அம்மா கேலி செய்வாள்.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் எங்கேயோ ஒரு சாலையில் இருப்பார். அதனால் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது, காய்ச்சலென்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது, கையைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவது எல்லாம் மாமாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குத்தான் பாப்பா இருக்கே" என்று என்னைக் காட்டுவார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோதே அந்தப் பேச்சு சுமையாகத்தான் இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. மாமா எப்போதும் என் வலப்பக்கம்தான் நடப்பார். வண்டிகள் எந்தப் பக்கம் வந்தாலும் சரி, வலப்பக்கம். "பிள்ளைய ரோட்டுப் பக்கம் விட்டுட்டு நீ சுவரோரமா நடக்கறியே, நல்லா இருக்காண்ணா?" என்று அம்மா திட்டுவாள். அவர் பக்கம் மாற மாட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு சாலையின் எதிர்ப்புறத்துக்குப் போய்விடுவார். என் வலது கையைத்தான் பிடிப்பார். இடது கையை அவர் தொட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஆறு வயதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வளர்த்தது மழைக்காலத்தில் நாம் பார்க்கிற தவளை அல்ல. கடல் தாண்டி வந்த நகத்தவளை. சாகும்வரை தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். பின்னங்காலில் மூன்று விரல்களுக்குக் கறுப்பாக நகம் இருக்கும். வாயில் நாக்கு கிடையாது; ஈரல் துண்டைப் போட்டால் முன்னங்கைகளால் அள்ளி அள்ளி வாய்க்குள் திணித்துக்கொள்ளும், பந்தியில் அவசரக்காரர்கள் சாப்பிடுவதுபோல. கண் இரண்டும் தலைக்கு மேலே இருப்பதால் எந்த நேரமும் நம்மையே அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

இந்தத் தவளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்கிறீர்களா? இன்று ஒரு பெண் கர்ப்பமா இல்லையா என்று பார்க்க மருந்துக்கடையில் ஒரு குச்சி வாங்கினால் போதும். அன்று தவளை வேண்டும். அந்தப் பெண்ணின் காலைச் சிறுநீரைப் பக்குவப்படுத்தி, பெண் தவளையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு அதைக் கண்ணாடி ஜாடியில் விட்டு மூடிவைப்பார்கள். அந்தப் பெண் கர்ப்பமென்றால் மறுநாள் காலைக்குள் தவளை முட்டையிட்டிருக்கும். கடுகு அளவு முட்டைகள், பாதி கறுப்பு, பாதி வெளுப்பு, ஜாடியின் அடியில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். இல்லையென்றால் தண்ணீர் வெறுமனே இருக்கும். தவளைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் மாமாவுக்குப் பெருமை. அதற்கு முன்பெல்லாம் முயலை அறுத்துப் பார்ப்பார்களாம். "முயல அறுக்கணும். தவளைகிட்ட கேட்டா போதும்" என்பார்.

ஒரே ஒரு கண்டிப்பு. ஊசி போட்ட தவளைக்கு முப்பது நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். முட்டைகள் மறுபடி முதிர அவ்வளவு நாள் ஆகும். அதற்கு முன் ஊசி போட்டால் இட முட்டை இருக்காது. கர்ப்பமாயிருக்கிற பெண்ணையும் இல்லை என்று சொல்லிவிடும். இதற்காகவே மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, பெயர் ஓய்வுத் தொட்டி. ஒவ்வொரு தவளையின் முதுகுப் புள்ளிகளையும் வரைந்த சீட்டு தொட்டிக்கு மேலே கம்பியில் தொங்கும். சீட்டில் கடைசியாக ஊசி போட்ட தேதி. வரைவது, எழுதுவது, தவளையை எடுப்பது, விடுவது எல்லாம் மாமாதான். வேறு யாருக்கும் ஒரு தவளைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

அங்கே பெரியவள் என்று ஒரு தவளை இருந்தது. மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை நீளம். முதுகில் உடைந்த சாவிபோல ஒரு தடம். பெரியவள் ஒருமுறையும் தப்பாகச் சொன்னதில்லை என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. டாக்டர்களே, "இத பெரியவளுக்குப் போட்டுப் பாருங்க" என்று சீட்டெழுதி அனுப்புவார்களாம். மாமா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

என் அம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தையில்லை. ஒன்பதாம் வருடம் ஒருமுறை நாள் தள்ளிப்போனது. ஒரு மாதம் தாண்டி, ஒன்றரை மாதமும் ஆயிற்று. லேடி டாக்டர், "இத்தன வருஷமா இல்ல, இப்ப திடீர்னு இருக்குமா? எதுக்கும் பரிசோதனை பண்ணிட்டு வாங்க. இல்லன்னா மாத்திரை எழுதித் தரேன், சரியாயிடும்" என்றார். பரிசோதனை என்றால் மாமா. அம்மா காலையில் ஒரு குப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அண்ணன் கையிலேயே கொடுத்தாள்.

மறுநாள் காலை ஜாடியில் முட்டை இல்லை. மாமாவே வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "எனக்கென்னவோ இருக்கற மாதிரிதான் இருக்குண்ணா. இன்னொரு தவளைக்குப் போட்டுப் பாக்க முடியாதா?" என்று கேட்டாளாம். மாமா, "பெரியவளுக்கே போட்டேன்மா. அவ இல்லன்னா இல்லதான்" என்றாராம். லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கினாள். பத்து நாள் மாத்திரை, நாளுக்கு இரண்டு. ஆறு நாள் விழுங்கியதில் வாந்தி தாங்க முடியவில்லை, நிறுத்திவிட்டாள். மீதியை மாமா தூக்கிப் போடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார்.

நான்காவது மாதம் லேடி டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு நான் பிறந்தேன், ஏழு விரல்களோடு.

மாத்திரையால் இப்படி ஆயிற்றா என்று அப்பா கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மாத்திரை விழுங்காதவர்களுக்கும் இப்படிப் பிறப்பதுண்டு என்றார்கள். அப்பா அதோடு விட்டுவிட்டார். அம்மா ஒருநாளும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "வாயில்லா ஜீவன், அது என்ன பண்ணும்? ஒரு தடவ தப்பாயிடுச்சு" என்று தவளைக்குப் பரிந்து பேசுவாள். மாமா அங்கே இருந்தால் தட்டைப் பார்த்தபடி எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

எனக்கு ஐந்து வயதானபோது ஆஸ்பத்திரிக்கு இரசாயனப் பரிசோதனை வந்துவிட்டது. தவளை வேண்டாம். மாமாவுக்கு ரத்தப் பரிசோதனைப் பிரிவில் பதவி உயர்வோடு வேலை கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் வந்து தவளைகளை வாங்கிக்கொண்டார்கள்; மாமாவும் அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவற்றோடு போய்விட்டார். தொட்டி கழுவுகிற வேலைக்கு. எல்லாரும் கிறுக்கு என்றார்கள். "தவளைக்கு வாக்கப்பட்டுட்டான்" என்றார் அப்பா. உண்மைக் காரணம் எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் ஊசி டாக்டர் என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் தவளை முட்டைக்குள் மருந்தைச் செலுத்துவார். இந்தத் தவளையின் முட்டை தாயின் உடம்புக்கு வெளியே, தண்ணீரிலேயே வளர்வதால் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டு மூன்று நாளில் வால் ஆட்டும். வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவிக்கிற உலகத்துக்கு அது ஒரு சன்னல். கையும் காலும் எப்படி முளைக்கின்றன, எதனால் முளைக்காமல் போகின்றன என்பதுதான் ஊசி டாக்டரின் ஆராய்ச்சி.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். ஏழு விரலில் பத்து விரல்காரிகளை முந்துவேன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்து, "பாப்பா, ஒரு மணி நேரம் கூட வரியா? கொஞ்சம் எண்ணணும். என் கண்ணு சரியாத் தெரியல" என்றார். அவருக்குக் கண்ணில் புரை வளர ஆரம்பித்திருந்தது. போனேன்.

நீளமான அறை. சன்னலில் வலை. தரை எப்போதும் ஈரம். சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள், காற்றுக் குழாய்களின் குமிழ்ச் சத்தம். மாமா ஒரு மேசைமேல் இரண்டு பீங்கான் கிண்ணங்களை வைத்தார். ஒன்றின் கழுத்தில் நீல நூல், மற்றொன்றில் சிவப்பு நூல். இரண்டிலும் நகத்தின் அளவில் குட்டித் தவளைகள், கிண்ணத்துக்கு இருபது. வால் அப்போதுதான் கரைந்து முடிந்திருந்தது.

"என்ன எண்ணணும் மாமா?"

"வெரலு. முன்னால கைக்கு நாலு, பின்னால காலுக்கு அஞ்சு. மொத்தம் பதினெட்டு. ஒண்ணொண்ணா எண்ணு. அவசரப்படாதே."

ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்துக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு விட்டார். நான் உருப்பெருக்கியை வைத்து எண்ணினேன். குட்டி துள்ளும், இடது கையின் இரண்டு விரலால் தட்டை அசையாமல் பிடித்துக்கொள்வேன். மாமா பக்கத்தில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு நின்றார். நான் "பதினெட்டு" என்பேன், அவர் ஒரு கோடு போடுவார். சிவப்பு நூல் கிண்ணத்தில் இருபதும் பதினெட்டு. நீல நூலில் பதினான்காவது குட்டிக்குப் பதினேழுதான் வந்தது. இடது பின்னங்காலில் ஒரு விரல் இல்லை.

"எந்தக் கிண்ணம்?" என்று கேட்ட குரல் மாமாவுடையது மாதிரியே இல்லை.

"நீலம்."

"நல்லாப் பாரு. செவப்பா நீலமா?"

"எனக்கென்ன கண்ணா தெரியல? நீலம்தான். ஏன், நீலத்துல இருந்தா என்ன?"

மாமா அடுத்த குட்டியைத் தட்டில் விட்டார். மீதியையும் எண்ணினோம். நீலத்தில் அந்த ஒன்று மட்டும் குறை. "மத்ததெல்லாம் சரியா இருக்கு மாமா" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாமா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தார். பென்சில் கீழே விழுந்து உருண்டது, அவர் எடுக்கவில்லை. மனிதர் அழுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். காலிப் புட்டி. அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"உங்கம்மா முழுங்கினது போக மீதி மாத்திரை. எட்டு இருந்துச்சு. இருபது வருஷமா வெச்சிருந்தேன். முட்டையிலேருந்தே செவப்புக் கிண்ணத்துத் தண்ணியில அதக் கரைச்சு ஊத்திட்டு வந்தேன். நீலத்துல வெறும் தண்ணி."

நான் இவ்வளவு நேரம் எதை எண்ணினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஊசி டாக்டருக்குத் தெரியுமா?"

"அவர்தான் முட்டை கொடுத்தார். பழைய மாத்திரைல ஒண்ணும் இருக்காது, சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆயிருக்கும்னார். தவளைக்கு ஆகலன்னா மனுஷனுக்கும் ஆகாதுன்னு சொல்ல முடியாதுன்னும் சொன்னார். ஆனா ஆசையா இருந்தா பண்ணிப் பாருங்கன்னார்."

"சரி, பண்ணிப் பாத்தாச்சு. மாத்திரை போட்டதுக்கெல்லாம் வெரல் முழுசா இருக்கு. போடாததுல ஒண்ணுக்கு இல்ல. அப்பறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? நல்ல செய்திதானே?"

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவ தவளை 'இல்ல'ன்னு சொன்னத நம்பினேன். இப்ப மறுபடியும் தவளைதான் 'இல்ல'ங்குது. எப்படி நம்பறது, நீயே சொல்லு."

"அன்னிக்கு அது தப்பாச் சொல்லிடுச்சு. அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"அது தப்பாச் சொல்லல பாப்பா. நான்தான் அதுகிட்ட கேக்கக் கூடாத நேரத்துல கேட்டேன்."

அப்புறம்தான் சொன்னார். அம்மா குப்பியைக் கொண்டுவந்த வாரம் தவளைகளுக்குக் காலெல்லாம் சிவந்து போகிற நோய் வந்து பாதி செத்துவிட்டன. ஊசி போடக்கூடிய தவளை ஒன்றே ஒன்று இருந்தது. புதிதாக வந்தது, அதுவரை ஒரு தரம்கூடச் சோதித்துப் பார்க்காதது. விதிப்படி அதற்குத்தான் போட வேண்டும். பெரியவள் முட்டையிட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"மத்தவங்க குப்பியா இருந்தா கண்ண மூடிக்கிட்டு அந்தப் புதுசுக்குப் போட்டிருப்பேன். என் தங்கச்சியாச்சே. எட்டு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தவ. போயும் போயும் பேர் தெரியாத தவளைகிட்டயா கேக்கறதுன்னு தோணுச்சு. பெரியவதான் வேணும்னு எடுத்தேன். ஒம்பது நாள் போதும், அவளாச்சேன்னு நெனச்சேன். மேல இருக்கறவங்க பாத்தாத் திட்டுவாங்கன்னு சீட்டுல தேதிய மாத்தி எழுதினேன். உங்கம்மா இன்னொரு தவளைக்குப் போடச் சொன்னா. அப்பவாவது புதுசுக்குப் போட்டிருக்கலாம். போட்டு, அது வேற மாதிரி சொல்லிட்டா, சீட்டுல தேதிய மாத்தினது வெளிய வந்துடும்னு பயம்."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தவளைய வாயில்லா ஜீவன்னு அவ சொல்றப்பல்லாம், வாய் இருந்த நான் ஒருத்தன் இங்க இருக்கேன்னு சொல்லணும்னு தோணும். சொன்னதில்ல."

எழுந்து அறையின் கோடிக்குப் போய் ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரே ஒரு தவளை. முதுகில் உடைந்த சாவித் தடம், வெளிறிப் போயிருந்தது. இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் உயிரோடிருந்தாள் பெரியவள். முட்டை தராத கிழட்டுத் தவளையை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். மாமா எதையெதையோ சொல்லி, யார் காலையெல்லாமோ பிடித்து வைத்திருக்கிறார். மேலே சீட்டு தொங்கியது. 'ஓய்வு' என்று ஒரே வார்த்தை. தேதி இல்லை.

"அன்னிக்கு ஓய்வு தரலல்ல. அதான் இவ கூடவே வந்துட்டேன்" என்றார்.

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒன்பது நாளுக்காக அல்ல, அது பிறகு வந்தது. அந்தக் கிண்ணங்களைப் பார்த்து வந்த கோபம். என்னையே கூட்டிவந்து, எனக்கே தெரியாமல், நான் எதனால் இப்படி என்று என் வாயாலேயே எண்ண வைத்திருக்கிறார்.

"இங்க பாருங்க மாமா. அன்னிக்கு அந்தப் புதுத் தவளைக்குப் போட்டிருந்தா அம்மா மாத்திரை முழுங்கியிருக்க மாட்டா. பத்து வெரலோட ஒருத்தி பொறந்திருப்பா. நீங்க இருபது வருஷமா அவளத்தான் தேடிட்டு இருக்கீங்க. அவளுக்காகத்தான் கல்யாணம் வேண்டாம்னீங்க. அவளுக்காகத்தான் இங்க வந்து தொட்டி கழுவறீங்க. எங்கூட ரோட்டுல நடக்கறப்பகூட அவ பக்கமாத்தான் நடக்கறீங்க. என் இந்தக் கைய ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா? நீங்க பண்ணின தப்புக்கு நான் ரசீதா? ஆளில்லையா?"

நான் கிண்ணங்களை அலமாரியில் வைத்தேன். வைத்த வேகத்தில் நீலக் கிண்ணத்துத் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா உட்காராமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். தேதி மாற்றியதையும் சொன்னார். அம்மாவின் கை ஒரு துவாலையின் மேல் அப்படியே நின்றது.

"ஒம்பது நாளா?"

"ஒம்பது நாள்மா."

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. உள்ள ஒரு உசுரு இருக்குன்னு என் உடம்பு சொல்லுச்சு. உன் தவளை இல்லன்னு சொல்லிடுச்சேன்னு நான் என்னையே நம்பல. ஒவ்வொரு மாத்திரையும் முழுங்கறப்ப மனசு அடிச்சுக்கிச்சு. இத்தன வருஷமா, தெரிஞ்சே முழுங்கினவ நான், எம்மேலதான் தப்புன்னு நெனச்சு நெனச்சு..." துவாலையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு, "போயிடுண்ணா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நான்கு மாதம் அவள் அண்ணனோடு பேசவில்லை. மாமா சாயங்காலமானால் வருவார், மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்துவிட்டுத் தம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டுப் போவார். அப்பா லாரியிலிருந்து வந்த நாட்களில் பேசிப் பார்த்தார். "உங்க வேலையப் பாருங்க" என்றாள் அம்மா. என்னைப் பார்க்கும்போதும் அவள் கண் கலங்கியது. எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, நான் யார் பண்ணிய தப்பு என்று அடித்துக்கொள்வதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தத் தவளை இன்னும் இருக்கா?"

மாமா எழுந்து நின்றார். "இருக்கு."

"பாக்கணும்."

மூவரும் போனோம். அம்மா அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. முக்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பெரியவள் அசையாமல் கிடந்து அண்ணாந்து பார்த்தாள். மேலே தொங்கிய சீட்டை அம்மா கையில் பிடித்து வாசித்தாள்.

"உன்னையும் தூங்க விடாம எழுப்பிக் கேட்டாங்க, என்னையும் நம்ப விடல. நீ என்ன பண்ணுவ. படுத்துக்க" என்றாள்.

மாமா மெல்ல, "தங்கச்சி..." என்று வாயெடுத்தார்.

"நான் தவளைக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மூடியை அவளே பார்த்துச் சரியாக மூடினாள்.

திரும்பி வரும்போது அம்மா பத்தடி முன்னால் நடந்தாள். நான் நடுவில். மாமா வழக்கம்போல வலப்பக்கம் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். ஏதோ தவறவிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நானும் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், ஒன்றுமில்லாத அந்த இடத்தில் தன் கையை வைத்தார். எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஊறி ஊறி வெடித்த கை, சோப்பு காணாத கை, சில்லென்று இருந்தது.

"இப்படி இல்ல மாமா, சுண்டுவிரலப் பிடிங்க" என்றேன். பிடித்துக்கொண்டார். லாரி ஒன்று இரைந்துகொண்டு போனது. முன்னால் போன அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, நடையைக் கொஞ்சம் குறைத்தாள்.